ரூத்தில் பம்புத் தண்ணீர் வந்த ஒன்பதாம் நாள்

சனிக்கிழமை காலை

என் அன்பு மகள் முனவ்வரா ஜானுக்கு,

அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ அங்கே ஹாலந்தில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்துகொண்டு இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இந்த ஒரு கடிதத்தில் அந்த வார்த்தையை விட்டுவிடுகிறேன், தப்பாக நினைக்காதே. செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ எத்தனை தடவை போன் அடித்தாய், நான் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. போனில் உன் முகம் தெரியும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன், முடிந்ததும் உன் அம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். அவள் எதிரிலேதான் உட்கார்ந்து புலாவுக்குக் காரட் நறுக்கிக்கொண்டு இருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு. நான் பேனாவை நிறுத்தினால் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "எதையும் விடாம எழுதுங்க. வெட்கமா இருந்தா வெட்கப்பட்டுக்கிட்டே எழுதுங்க, பேனா ஒண்ணும் கோவிச்சுக்காது" என்கிறாள்.

முதலில் உன் வயிற்றில் பால் வார்க்கிற செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஷரோஃபத்தின் புருஷன் பக்‌ஷுல்லோ பிழைத்துவிட்டான். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, புகாரா பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், நடப்பானா என்று கேட்டால் டாக்டர் "பொறுமையா இருங்க" என்று மட்டும் சொல்கிறார். ஷரோஃபத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. எட்டு வருஷம் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உன் நோட்டைப் பார்த்துக் கணக்கு எழுதினவள், தன் வீடு இருந்த இடத்தில் கிடந்த மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு என்னிடம் என்ன கேட்டாள் தெரியுமா? "மாமா, என் தையல் மிஷினு இப்ப எந்தப் பக்கமா இருக்கும், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்று, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அழவில்லை. நான்கு நாளாகிறது, இன்னும் அழவில்லை. எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் நான். நான் மட்டும். ஆனால் மாட்டிக்கொண்டது பம்பு ஹவுஸில் வேலை பார்க்கிற நம் ஓச்சில் என்கிற பையன். அவன் வேலையும் போய், வழக்கும் வந்து, சிறைக்கும் போக வேண்டியிருக்கும் என்று ஊரில் பேச்சாக இருந்தது. வெள்ளிக்கிழமை வரை நடந்தது உனக்கு அம்மா சொல்லித் தெரியும். வெள்ளிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே புரியும், ஏனென்றால் என் தலை இன்னும் நிலைக்கு வரவில்லை, பேயறைந்தவன் மாதிரிதான் நடமாடுகிறேன்.

நம் ரூத்தில் தண்ணீர் ஓடி முப்பத்துநான்கு வருஷம் என்பது உனக்குத் தெரியும். நீ பிறந்ததிலிருந்து அது குப்பை போடுகிற பள்ளம்தான். எண்ணூறு வருஷமாக ஊர் நடுவே ஓடிய கால்வாய், ஆறு இந்தப் பக்கம் வராமல் போனதும் செத்துப்போனது. இப்போது பெரிய கால்வாயிலிருந்து மூன்று பம்பு வைத்துத் தண்ணீரை மேலே தூக்கி ரூத்தில் விடப்போகிறார்கள் என்றதும் எனக்குத் தலை கால் புரியவில்லை. அதிலும் நம் குயவர் மஹல்லாவுக்கு மிராப் யார் என்ற பேச்சு வந்தபோது, என் அப்பா கடைசி மிராப்பாக இருந்தவர் என்று சொல்லி எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பு! பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விளையாட்டு வாத்தியாராக விசில் ஊதியவனுக்கு, ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து மறுபடி ஊத ஒரு காரணம் கிடைத்தது. விசிலைத் தேடி எடுத்துக் கயிறு மாற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். உன் அம்மா சிரித்தாள். "தண்ணி வருதோ இல்லையோ, காத்து வந்துருச்சு" என்றாள்.

நவ்ரூஸ் பண்டிகைக்கு முன்னால் ஊர்கூடித் தூர் வாரும் ஹஷர் நடந்தது. ஒவ்வொரு மஹல்லாவும் தன் பங்கைத் தானே தோண்ட வேண்டும், வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு மண்வெட்டி. எங்களுக்கு அடுத்த பங்கு சாயக்காரர் மஹல்லாவுடையது, அவர்களுக்குத் தலைவர் கசாப்புக் கடை அஸ்ரோர், வாயை அடைக்கவே முடியாத ஆள். பழைய வழக்கம் உனக்கு நினைவிருக்காது. அடியில் மண்வெட்டி கல்லில் பட்டு டங்கென்று சத்தம் வரும்வரை தோண்ட வேண்டும், சத்தம் வராத மஹல்லாவை வருஷம் முழுக்கக் கேலி பண்ணுவார்கள், அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட அந்தப் பேச்சு வரும். இரண்டாம் நாள் அஸ்ரோர் கரையில் நின்றுகொண்டு, "எங்க பக்கம் டங்கு டங்குன்னு கொல்லன் பட்டறை மாதிரி கேக்குது, உங்க பக்கம் சொதசொதன்னு ஒரு சத்தம். ஏன் அகா, மண்வெட்டியில தயிரா கடையிறீங்க?" என்று கேட்டார். எங்கள் ஆட்களே சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போதுதான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம், அப்போதுதான் நீ பேசிப் பதிவு பண்ணி அனுப்பிய குரல் போனில் வந்தது.

நீ சொன்னது எனக்கு மனப்பாடம், மகளே. இந்த நான்கு நாளில் நூறு தடவை கேட்டிருப்பேன். "அப்பா, மேலே கிடக்குற குப்பையை மட்டும் எடுங்க. அடியில இறுகிக் கெடக்குற வண்டலைத் தொடாதீங்க. அந்தக் காலத்துல ஆத்துத் தண்ணி சேறும் வண்டலுமா வரும், எவ்வளவு தோண்டினாலும் பத்து நாள்ல அதுவே அடியை மறுபடி மெழுகிடும். இப்ப வரப்போறது பம்புத் தண்ணி. பம்பு தேயக்கூடாதுன்னு தொட்டியில மண்ணைப் படியவிட்டு, தெளிஞ்ச தண்ணியைத்தான் அனுப்புவாங்க. அது எதையும் மெழுகாது. இருக்குற வண்டலைச் சுரண்டிட்டீங்கன்னா தண்ணி அடி வழியா எறங்கி வீட்டுச் சுவருக்குப் போயிடும். எல்லார்கிட்டயும் சொல்லுங்கப்பா." கால்வாய்ப் படிப்புப் படித்தவள் நீ, இவ்வளவு தெளிவாக, பச்சைக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொல்லியிருக்கிறாய். நான் போனைக் காதில் வைத்துக் கேட்டேன். கேட்டு முடித்து நிமிர்ந்தால் நாற்பது பேர் கையில் ரொட்டியோடு என்னையே பார்க்கிறார்கள். அஸ்ரோர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "என்ன அகா, ஹாலந்துலேர்ந்து உத்தரவு வந்துருச்சா? மக சரின்னாத்தான் மண்வெட்டி எடுப்பீங்களோ?"

அந்த ஒரு நொடி. நான் என்ன சொன்னேன் என்று உனக்குச் சொல்கிறேன். "சாப்பிட்டீங்களாப்பான்னு கேக்கறா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். போனைச் சட்டைப்பையில் போட்டேன், விசிலை எடுத்து ஊதினேன், இன்னும் இரண்டு மண்வெட்டி ஆழம் என்றேன். சாயங்காலத்துக்குள் எங்கள் பக்கமும் டங்கென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் கை தட்டினேன், முனவ்வரா. வாரிய வண்டலை எல்லாம் தோட்டத்துக்கு நல்ல உரம் என்று ஆளாளுக்கு வண்டி கட்டி அள்ளிக்கொண்டு போனார்கள், உன் அம்மாவும் நான்கு கூடை வாங்கித் தக்காளிக்குப் போட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயைத் திறக்காமல் கெட்டேன்.

பம்பு ஓடிய அன்று நீ பார்த்திருக்க வேண்டும், இதை ஏன் சொல்கிறேன் என்றால் அந்தச் சந்தோஷமும் பொய்யில்லை. தலைமடையில் கிடாய் வெட்டினார்கள், மூன்றில் இரண்டு பம்பு ஒன்றாக உறுமத் தொடங்கியதும் வெள்ளை வெளேரென்று தண்ணீர் தாவி விழுந்தது, பெரிய பெரிய ஆம்பிளைகள் செருப்போடு உள்ளே இறங்கி அழுதார்கள். அவ்வளவு தெளிவு, அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். "இந்த மாதிரித் தண்ணிய எங்க தாத்தா காலத்துலகூட யாரும் பார்த்ததில்ல" என்று அஸ்ரோர் என் தோளைத் தட்டினார். பெருமையாக இருந்தது. தெளிவுதான் வினை என்று நீ சொன்னதை அந்த நிமிஷம் நான் நினைக்கவே இல்லை. நினைத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்.

ஐந்தாம் நாளாகியும் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரவில்லை. பம்பு இரண்டும் முழு வேகத்தில் ஓடுகிறது, பாதி வழிக்கு மேல் ரூத் ஈரமாவதோடு சரி. கடைமடைக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள், யாரோ நடுவில் திருடுகிறார்கள் என்றார்கள். நானும் அஸ்ரோரும் பம்பு ஹவுஸுக்குப் போனோம். ஓச்சிலை உனக்குத் தெரியும், என்னிடம் படித்தவன், ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வந்துவிட்டு, முதலில் வந்தவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பான். மூன்றாவது பம்பையும் போடு என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "உஸ்தாத், விடற தண்ணி எங்க போகுதுன்னு தெரியாம இன்னும் விடறது எனக்குச் சரியாப் படல. ஒரு நாள் நிறுத்திப் பார்ப்போமே. இல்லாட்டி மேலேர்ந்து எழுத்துல வாங்கிட்டு வாங்க" என்றான். எனக்குக் கோபம் வந்தது. எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் வந்தது என்று இப்போது நினைக்கிறேன். "நீ சுவிட்சு அழுத்துற ஆளு. அழுத்து. எழுத்து எல்லாம் என் பொறுப்பு" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், அழுத்தினான்.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஷரோஃபத் வந்தாள். "மாமா, நிலவறையில தண்ணி ஊறுது. முலாம்பழம் எல்லாம் மிதக்குது. சுவத்துல முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கு, கைய வச்சா மாவு மாதிரி வருது" என்றாள். கையை விரித்துக் காட்டினாள், விரலில் ஈரமண். அவள் வீடு ரூத்தின் கரையிலிருந்து இருபது காலடி தூரம், சுடாத பச்சைக்கல் சுவர். அப்போதும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "புதுத் தண்ணி வந்தா ஈரம் ஏறத்தான் செய்யும்மா, ஒரு வாரத்துல காஞ்சிடும்" என்றது. அவள் நம்பிவிட்டாள். உன் அப்பா சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? உன் அம்மா அவளை உட்கார வைத்து டீ ஊற்றினாள், அந்த டீதான் அவளைக் காப்பாற்றியது. அரைமணிகூட ஆகவில்லை. பெரிய சத்தம் எதுவும் இல்லை, மாவு மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். அப்புறம் தெரு முழுக்கப் புழுதி. பக்‌ஷுல்லோ உள்ளே இருந்தான், நிலவறையிலிருந்து சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறான்.

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. ஊரே ஓடி வந்தது, ஹஷருக்கு வந்த அதே ஆட்கள், அதே மண்வெட்டிகள். நான் கத்தக் கத்த யாருக்கும் கேட்கவில்லை, ஆளுக்கு ஒரு பக்கம் தோண்டினார்கள், அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிய வேண்டுமே. விசிலை எடுத்து ஊதினேன். எல்லோரும் நின்றார்கள். மறுபடி ஊதினேன், ஒரு சத்தமும் வரவில்லை, மூன்றாம் தடவை ஊதினேன். மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு குரல், "ஊதாதீங்க அகா, காது போகுது" என்றது. அஸ்ரோர் அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுவிட்டார். ஒன்றரை மணி நேரம் கையால் வாரி வெளியே எடுத்தோம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை நீங்க இருந்தீங்க" என்றான். மகளே, அந்த வார்த்தை அன்றைக்கு என்னைக் குத்திய மாதிரி எதுவும் குத்தியதில்லை. அன்றைக்கே பம்பு எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. இன்னும் நான்கு வீட்டுச் சுவர் பிளந்திருக்கிறது, ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள்.

புதன்கிழமை விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். காகிதங்களைப் புரட்டினார்கள், மூன்றாவது பம்புக்கு எழுத்தில் உத்தரவு எங்கே என்றார்கள். இல்லை. அளவுக்கு மேல் தண்ணீர் விட்டதால்தான் கரை ஊறிப்போனது என்று எழுதிக்கொண்டார்கள், கேட்க நன்றாக இருந்தது, எல்லோருக்கும் வசதியாகவும் இருந்தது. "யார் சொல்லித் தண்ணி விட்ட?" என்று பெரியவர் கேட்டபோது நானும் அஸ்ரோரும் அந்த அறையில்தான் இருந்தோம். ஓச்சில் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "சுவிட்ச அழுத்தினது நான்தான்" என்று மட்டும் சொன்னான். அவன் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் பேசவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன், மறுநாளும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்து இத்தனை வருஷம் சிரித்திருக்கிறேன், அன்றைக்கு அந்தச் சோற்றை நானே அள்ளி மூடினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் உன் அம்மா என் போனைக் கையில் எடுத்தாள். நீ அவளிடம், நான் சொன்னதை அப்பா ஊரில் சொன்னாரா என்று கேட்டாயாம். அவள் உன் குரலைக் கேட்டாள், முழுதும் கேட்டாள், தேதியைப் பார்த்தாள். சத்தம் போடுவாள், சட்டியை உடைப்பாள் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்து, "சாப்பிடுங்க. ஓச்சில் வீட்டுல இன்னிக்கு அடுப்பு எரியல" என்றாள். அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷத்தில் அவள் என்னை எத்தனையோ திட்டியிருக்கிறாள், எல்லாம் சேர்ந்து இதில் கால்பங்கு வராது. நான் அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஊரெல்லாம் நின்றது, அந்த மூன்று பேரும் வந்திருந்தார்கள், கடைசியாக ஊரார் சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவதற்காக. கை தூக்கினேன். போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி உன் குரலைப் போட்டேன். இருநூறு ஆம்பிளைகள் நடுவில் உன் குரல், முனவ்வரா. "எல்லார்கிட்டயும் சொல்லுங்கப்பா" என்று நீ முடித்ததும், நான் சொன்னேன், இது ஹஷரின் இரண்டாம் நாள் வந்தது, நான் யாரிடமும் சொல்லவில்லை, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள் என்று பொய் சொன்னேன், மூன்றாவது பம்பைப் போடச் சொன்னதும் நான்தான், ஓச்சில் வேண்டாம் என்றான். அஸ்ரோர் தானே முன்னால் வந்து, "நானும் கூடத்தான் போனேன். அன்னிக்கு அவர் போனை உள்ள போட வச்சதும் என் வாய்தான். என் பேரையும் எழுதிக்குங்க" என்றார். பின்னாலிருந்து யாரோ எங்களைத் திட்டினார்கள், திட்ட வேண்டியதுதான். ஷரோஃபத்தின் கொழுந்தன் என் சட்டையைப் பிடித்தான், நான் விலக்கவில்லை, மற்றவர்கள்தான் விலக்கினார்கள்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். விசாரணைப் பெரியவர் ஓச்சிலைப் பார்த்து, "இவர் சொல்லாம இருந்திருந்தா நீ என்னப்பா பண்ணியிருப்ப?" என்று கேட்டார். அவன் பெண்சாதி பெண்கள் பக்கமிருந்து வேகமாக வந்து அவன் சட்டைப்பையிலிருந்து போனைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். "இவன் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டான் ஐயா. இதைப் பாருங்க, புதன்கிழமை சாயங்காலத்துலேர்ந்து இது இவன்கிட்டதான் இருக்கு. காட்டு காட்டுன்னு நான் கால்ல விழுந்தேன்" என்று கத்தினாள். அவர் அழுத்தினார். மறுபடி உன் குரல். அதே பேச்சு, அதே நாள் தேதி. அதற்குக் கீழே நீ புதிதாகச் சேர்த்துச் சொன்னது. "ஓச்சில் அகா, இதை அப்பாவுக்கு மார்ச்சிலேயே அனுப்பினேன். அவர் வாயைத் திறக்கலேன்னா நீங்க இதை விசாரணையில காட்டுங்க. எங்கப்பாதானேன்னு பார்க்காதீங்க." முற்றத்தில் நின்ற எல்லோரும் கேட்டார்கள். நானும் அவர்களோடு நின்று அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். என் காதையே நம்ப முடியவில்லை. நான் பெற்ற மகள் எனக்கு எதிராகச் சாட்சி அனுப்பியிருக்கிறாள், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் இரண்டு நாள் அடுப்பு எரியாமல் இருந்திருக்கிறான். ஏன்டா காட்டவில்லை என்று நானே அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன், உஸ்தாத். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம்னு இருந்தேன்" என்றான்.

இதற்கு மேல் என்ன எழுத? அவன் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காகிதத்தில் இப்போது என் பெயர் முதலில் இருக்கிறது, நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்ன தண்டனை வருமோ தெரியாது, வந்தால் வரட்டும். நீ வியாழக்கிழமையே அம்மாவிடம், அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று அழுதாயாம், சாப்பிடவே இல்லையாம். இன்று காலை அவள் அதைச் சொன்னதும்தான் இந்த நோட்டை எடுத்தேன். மகளே, காட்டிக்கொடுத்தது நீ இல்லை, அன்றைக்கு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேனே, நான்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன். நீ செய்தது சரி. இதை எழுத்தில் வைத்துக்கொள், எழுத்தில் இல்லாதது என்ன ஆகும் என்று ஓச்சிலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இனி ரூத்தில் வண்டலைத் திரும்பப் போட வேண்டுமாம், வந்த இன்ஜினியரும் நீ சொன்னதையே சொல்கிறார். எத்தனை விரற்கடை கனம், எத்தனை நாள் ஈரத்தில் வைப்பது, ஆட்டு மந்தையை நடக்கவிட்டு மிதிக்க வைத்தால் இறுகுமா என்று நீ சொல்ல வேண்டும். அஸ்ரோர் தன் தோட்டத்து வண்டலில் கத்தரிக்காய் நட்டுவிட்டாராம், "செடியோட சேர்த்தே அள்ளிப் போடறேன், அடுத்த வருஷம் ரூத்துல கத்தரிக்கா காய்க்கட்டும்" என்கிறார், சிரிக்காமல் சொல்கிறார். ஷரோஃபத்தும் இப்போது நம் வீட்டில், உன் அறையில்தான் இருக்கிறாள். நீ அவளுக்குப் போன் செய், அவளை அழ வை, உன்னால் முடியும். மழையில் சைக்கிளில் போகாதே, காதை மூடிக்கொண்டு போ, பட்டினி கிடக்காதே.

படைத்தவன் உனக்கு நீண்ட ஆயுளையும் குறையாத அறிவையும் கொடுக்கட்டும், உன் வாய்ச்சொல்லைக் கேட்கிற காதுகளையும் அவனே உன்னைச் சுற்றி வைக்கட்டும், ஆமீன். ஒன்றே ஒன்று மறக்காதே. வண்டல் விஷயத்தை எனக்கு மட்டும் சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் எல்லோரும் கூடுகிறோம், அப்போது போன் செய், சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன், நீயே ஊருக்குச் சொல். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு என்னை வாக்குமூலத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் பஸ் கிடையாது. ஓச்சில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்று வந்து சொல்லிவிட்டுப் போனான், நீங்கள் உள்ளே இருக்கும்வரை வெளியே நிற்கிறேன் என்றும் சொன்னான்.

உன் குரலை ஒருநாள் சட்டைப்பையில் போட்டு மூடியவன்,
உன் அப்பா
ஹம்ரோகுல்